பழைய தண்ணீர் பில் யார் தலையில்?



பீலித் தண்ணீரை நம்பியிருந்த காலத்தில் தண்ணீருக்கு பில் என்ற பேச்சே நமக்குள் இருக்கவில்லை. ஊற்றிலிருந்து குழாய் வந்தது, பீலிக்கரையில் வரிசையில் நின்றோம், குடத்தை நிரப்பிக்கொண்டு லயத்துக்குப் போனோம். இன்று பல குடும்பங்கள் தனி வீடுகளுக்குப் போய்விட்டன. டவுனுக்குக் கிட்டிய சில தோட்டங்களில் வாசலிலேயே மீட்டர் பூட்டியிருக்கிறது. மீட்டர் வந்தால் பில்லும் பின்னால் வரும்.

அண்மையில் ஒரு அக்கா கொழுந்து நிறுத்து முடிந்த கையோடு எங்கள் ஒபிசுக்கு வந்தார். கையில் சிவப்பு எழுத்தில் ஒரு அறிவித்தல். நாலு வருஷத்து நிலுவையைக் கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று இருந்தது. "ஐயா, நாங்க இந்த வீட்டுக்கு வந்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது. முந்தின ரெண்டு வருஷத் தண்ணியையும் நாங்களா குடிச்சோம்?" என்று கேட்டார். தோட்டை அடகு வைத்து முழுவதையும் கட்டிவிடத்தான் நினைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டச் சொன்னாராம்.

இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கடன் யாருடையது என்பது ஒன்று. தண்ணீர் யாருக்கு வெட்டப்படும் என்பது மற்றது. இணைப்புக்கு விண்ணப்பித்துக் கையெழுத்து வைத்தவர்தான் கணக்குக்காரர். அவருடைய காலத்துக் கடன் அவருடையது. ஆனால் நிலுவை கணக்கு இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆள் கொழும்புக்குப் போனாலும் மீட்டர் அங்கேதான் இருக்கும். வெட்டினால் வெறும் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது இப்போது குடியிருப்பவர்தான்.

அந்த அக்காவின் பக்கத்திலும் தவறு இருந்தது. பில் பழைய ஆளின் பெயரில் வந்ததால், "நம்ம பேர் இல்லையே" என்று கதவுக்குப் பின்னால் கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். பெயர் யாருடையதாக இருந்தாலும் அந்த இரண்டு வருஷமும் தண்ணீரைப் பாவித்தது அவர்கள்தான். எங்கள் மீதும் தவறு உண்டு. வீட்டைக் கையளித்த அன்று சாவியைக் கொடுத்தோம், கடிதம் கொடுத்தோம், படமும் எடுத்தோம். மீட்டரில் என்ன எண் நிற்கிறது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நல்ல காலம், கம்பியில் குத்திய பில்களே உதவின. ஒவ்வொரு பில்லிலும் முந்திய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அந்த மாதம் பாவித்த அலகு வரும். ஓர் அலகு என்பது 1000 லீற்றர், அதாவது 200 லீற்றர் பீப்பாய் ஐந்து. வீடு கையளித்த கடிதத்தின் திகதியை வைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு முந்தியது பழைய குடும்பத்துடையது, பிந்தியது இவர்களுடையது என்று கோடு போட்டோம். அதை எழுத்து மூலம் கொடுத்தோம். தங்கள் பங்கைத் தவணையில் கட்ட இடம் கேட்டார்கள், கிடைத்தது. பழைய பங்கைப் பற்றி இன்னும் முடிவு வரவில்லை. ஆனால் ஆட்சேபக் கடிதம் கோவையில் இருக்கிறது, தண்ணீரும் ஓடுகிறது. தோடும் காதில்தான் இருக்கிறது.

இப்படி மொத்தமாக வரும் பில்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மாதத்தில் பாவிக்கும் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் ஏறும். வாசிக்காமல் விட்ட பல மாதத்து அலகுகளை ஒரே மாதத்தில் போட்டால் பெரும்பகுதி மேல் விலைக்குப் போய்விடும். மாதவாரியாகப் பிரித்துக் கணக்குப் போடும்படி கேளுங்கள். 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் நீர்க் கட்டணம் கூட்டப்பட்டது. அதற்கு முன் பாவித்த தண்ணீருக்குப் பழைய விலைதானா போட்டிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"மூணு வருஷம் போனா கடன் செத்துப்போகும்" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இது அரைகுறைப் பேச்சு. கடன் வழக்குகளுக்குக் காலக்கெடு வைக்கும் சட்டம் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுத்தில் செய்த ஒப்பந்தத்துக்கு 6 வருஷம், எழுத்தில்லாத உடன்படிக்கைக்கு 3 வருஷம் என்று அதில் இருக்கிறது. அரசுக்குச் சேரவேண்டியதை அது கட்டுப்படுத்தாது. தண்ணீர் பில் எந்தக் கணக்கில் சேரும் என்பது வழக்கறிஞர் பார்க்க வேண்டிய காரியம். அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எப்படியானாலும் அந்தக் கெடு வழக்குப் போடுவதற்குத்தான். குழாயை வெட்டுவதை அது தடுக்காது. அதோடு, "இவ்வளவும் நான் தரவேண்டியது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலோ, பழைய கடனுக்கென்று ஒரு பகுதியைக் கட்டினாலோ, முடிந்துபோன கெடு மறுபடி தொடங்கக்கூடும். ஆகவே தவணைக்கு எழுதிக் கொடுக்கும்போது எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை என்று போட்டுத்தான் கையெழுத்து வைக்க வேண்டும். பிரட்டுக்குப் போகும் அவசரத்தில் எவர் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்பாவின் பெயரில் கணக்கு, அப்பா காலமாகிவிட்டார் என்று வருகிறவர்களும் உண்டு. அப்பாவின் கடன் அவர் விட்டுப்போன சொத்திலிருந்து தீர்க்க வேண்டியது. பிள்ளை தன் சம்பளத்திலிருந்து அதைத் தூக்கிச் சுமக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் அவர் போன நாளிலிருந்து வீட்டில் பாவித்த தண்ணீர் பிள்ளைகளின் கணக்கு. மரணச் சான்றிதழோடு போய்ப் பெயரை மாற்றிக்கொள்வது நல்லது. பெயர் மாற்றும்போது நிலுவையைத் தீர்க்கச் சொல்வார்கள், அதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.

சில இடங்களில் முழு லயத்துக்கும் ஒரே மீட்டர், பணத்தைச் செக்ரோலில் பிடிப்பார்கள். அங்கே சபையோடு உடன்படிக்கை செய்தவர் கணக்கை எடுத்தவர், நீங்கள் அல்ல. உங்கள் சம்மதம் இல்லாமல் பழைய நிலுவை என்று சம்பளத்தில் வெட்ட முடியாது. சம்பளத் துண்டில் "தண்ணீர்" என்று புதிதாக ஒரு தொகை தெரிந்தால் அந்த மாதமே கிளாக்கர் ஐயாவிடம் கேளுங்கள்.

திடீரென்று பில் பெருத்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். சின்னச் சக்கரம் அப்போதும் சுற்றினால் எங்கோ கசிகிறது. மீட்டருக்கு இப்பால் வீட்டுப்பக்கம் கசிந்தால் செலவு நம்முடையது, அப்பால் என்றால் அவர்களுடையது. நீர் வழங்கல் சபையின் இலக்கம் 1939. பில்லின் தலையில் மாநகர சபையின் பெயர் இருந்தால் அங்கேதான் போக வேண்டும்.

புது வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் நாளே மீட்டரின் கறுப்பு எண்களைப் பிள்ளையின் கொப்பியில் எழுதி, திகதி போட்டு, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பழைய பில்லோடு எங்களிடம் வருவதானால் பின்னேரம் வாருங்கள், அரைப் பேர் ஆகிவிட வேண்டாம். அடையாள அட்டை, வீடு கையளித்த கடிதம், இருக்கிற பில் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.