வெளிநாடு செல்லும் வணிகர்களும் தொலைபேசிச் செலவும்

கொழும்பு, யாங்கோன், சிங்கப்பூர், துபாய், குவாங்சோ என்று சரக்குப் பார்க்கவும் விலை பேசவும் நம் வணிகர்கள் போய் வருவது சாதாரணமாகிவிட்டது. மொத்த வியாபாரிகள் மட்டுமல்ல. சடையங்குப்பம், மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களும் மகன் வேலை பார்க்கும் ஊருக்கோ, உம்ராவுக்கோ, சுற்றுலாவுக்கோ பத்து நாள் போய் வருகிறார்கள். கடையை ஆளிடம் விட்டுப் போகிறவருக்குத் தொலைபேசிதான் கல்லாப்பெட்டிச் சாவி. செலவுக்குப் பயந்து அதை அணைத்து வைப்பவர்களும் உண்டு. கவனிக்காமல் விட்டுத் திரும்பி வந்து பில்லைப் பார்த்துத் திகைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேண்டியதில்லை.

மஞ்சள் பலகை மாட்டிய ஐ.எஸ்.டி. பூத்தில், மீட்டரின் சிவப்பு எண்களைப் பார்த்தபடி பேசிய காலம் நமக்கு நினைவிருக்கிறது. 1990-களில் அமெரிக்காவுக்கு நிமிடத்துக்கு 60 ரூபாய் அளவில் ஆகியது. வெளிநாட்டு அழைப்புகளில் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்துக்கு இருந்த தனியுரிமை 2002-இல் முடிந்தது. அதே ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் புதிய கேபிளும் வந்தது. அதன் பிறகு பேச்சுக்கான விலை இறங்கிக்கொண்டே வந்தது. இன்று இங்கிருந்து வெளிநாட்டுக்குப் பேசுவது பெரிய செலவில்லை. நம் சிம்மைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டில் திரிவதுதான் செலவு. அதற்குப் பெயர் ரோமிங்.

ரோமிங் கணக்கு நம் தொழிலில் இருப்பதுதான். வெளிநாட்டில் நம் கம்பெனிக்குக் கோபுரம் கிடையாது. அந்த ஊர்க் கம்பெனியின் கோபுரத்தை மொத்த விலைக்கு வாங்கி, தன் லாபம் வைத்து நமக்குச் சில்லறையில் விற்கிறது. நாட்டுக்கு நாடு விலை மாறுவதற்கு இதுவே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் இந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அங்கே போகும் நம் இந்திய சிம்முக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. செல்போன் வந்த புதிதில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே பணம் கட்டினோம். 2003-இல் அது ஒழிந்தது. ரோமிங்கில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பேக் போடாமல் போனவர், யாரோ கடன் அட்டை விற்கக் கூப்பிடும் அழைப்பை எடுத்தாலும் மீட்டர் ஓடும்.

ஆனாலும் பெரிய ஓட்டை பேச்சில் இல்லை, டேட்டாவில் இருக்கிறது. போன் பையில் சும்மா இருக்கும்போதே செயலிகளைப் புதுப்பிக்கும், குழுக்களில் வரும் வீடியோக்களை இறக்கும், எடுத்த படங்களை இணையத்தில் ஏற்றும். ஒரு எம்.பி.க்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1 ஜி.பி. என்பது 1,024 எம்.பி.; 10,240 ரூபாய் ஆகிவிடும். ஒரு திருமண வீடியோவும் நாலு பக்திப் பாட்டும் போதும். ஆகவே விமானம் ஏறுமுன் அமைப்புகளில் போய் 'டேட்டா ரோமிங்' என்பதை அணையுங்கள். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள்.

அப்படியானால் நம் சிம்மையே கழற்றி வைத்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வணிகர்கள் அதை மட்டும் செய்யக்கூடாது. பர்மா உளுந்து ஏற்றிய கண்டெய்னர் துறைமுகத்தில் வந்து நிற்கிறது, பணம் கட்ட வேண்டும், வங்கியின் ஓ.டி.பி. எண் பெட்டிக்குள் கிடக்கும் சிம்முக்குப் போகிறது என்றால் என்ன ஆகும்? வட்டியும் டெமரேஜும் ஏறும். மிச்சம் பிடித்த ரோமிங் கட்டணம் அதற்கு முன் தூசு. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் தொல்லைதான். பணம் அனுப்பும் செயலி மறுபடியும் பதிவு கேட்கும். அதற்கு இந்திய எண்ணிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வெளியே போக வேண்டும். அது வெளிநாட்டில் எளிதில் போகாது. எனவே பயணத்துக்கென்று புதுப் போன் வாங்குகிறவர்கள் புறப்பட ஒரு வாரம் முன்பே வாங்கி, எல்லாவற்றையும் இங்கேயே பதிந்து, ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நடப்புக் கணக்கை இயக்கும் அதிகாரத்தை மகனுக்கோ பங்குதாரருக்கோ சேர்த்துக் கொடுத்து வைத்தால் இன்னும் நிம்மதி.

சிக்கனமான வழி இதுதான். இரண்டு சிம் போடும் போனில் நம் சிம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதில் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும், ரோமிங் சேவை மட்டும் திறந்திருக்க வேண்டும். வரும் குறுஞ்செய்திக்கு நம் கம்பெனிகள் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை; சேவையைத் திறக்கச் சில கம்பெனிகள் சிறு தொகைக்கு ரீசார்ஜ் கேட்கும். மறுபக்கம் அந்த ஊர் சிம். கட்டுநாயக்காவிலும் சாங்கியிலும் விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். புதிய போன்களில் அட்டையே இல்லாத இ-சிம் வசதி உண்டு. இங்கிருந்தே பணம் கட்டி ஏற்றிக்கொண்டு போகலாம். பேச்செல்லாம் அந்த டேட்டாவில் வாட்ஸ்அப் வழியாக. குரல் அழைப்புக்கு நிமிடத்துக்கு ஒரு எம்.பி.கூட ஆகாது. முகம் பார்த்துப் பேசினால் பல மடங்கு ஆகும். பேரப்பிள்ளைகளை ஓட்டல் வை-ஃபையில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் இவ்வளவும் வேண்டாம், நம் கம்பெனியின் ரோமிங் பேக்கே போதும். அது எந்த நாட்டுக்குச் செல்லும், எந்த நேரத்திலிருந்து கணக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டுக்கு நாடு விஷயம் வேறு. சீனாவில் வாட்ஸ்அப்புக்குத் தடை. அந்த ஊர் சிம் மலிவாகக் கிடைத்தாலும் அதில் வாட்ஸ்அப் வராது. அவர்கள் பயன்படுத்தும் வீசாட் செயலியை நம் அரசு 2020 ஜூனில் தடைசெய்துவிட்டது. ஆனால் ரோமிங்கில் போகும் டேட்டா பொதுவாக நம் நாட்டுக் கம்பெனி வழியாகச் சுற்றிவருவதால் அந்தத் தடையில் சிக்குவதில்லை. எனவே குவாங்சோ போகிறவருக்கு மட்டும் விலை கூடிய ரோமிங் பேக்கே சரி. துபாயில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும். குரல் அழைப்பை நெடுங்காலமாகத் தடுத்தே வைத்திருக்கிறார்கள், அதற்கென உரிமம் பெற்ற வேறு செயலிகள் அங்கே உண்டு. பர்மாவில் 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் பல செயலிகள் முடக்கப்பட்டன. யாங்கோன் தரகரிடம் எதில் பேசுவது என்று புறப்படுமுன்பே கேட்டுவிடுவது உத்தமம்.

ஓ.டி.பி. வாங்க ஒரு பழைய பட்டன் போன் போதும் என்று நம்மில் பலர் எடுத்துப் போகிறார்கள். சிங்கப்பூரில் 2017-இல் 2ஜி சேவையை நிறுத்தினார்கள். 2024-இல் 3ஜியும் போயிற்று. பழைய பட்டன் போன் அங்கே வெறும் கடிகாரம்தான். 4ஜி உள்ளதா என்று பார்த்து எடுத்துச் செல்லுங்கள்.

கடைச் சிப்பந்தி, லாரி செட், வங்கி என எல்லா எண்களையும் முன்னால் +91 சேர்த்துப் பதிந்து வையுங்கள். இல்லாவிட்டால் அந்த ஊர் சிம்மிலிருந்து கூப்பிடும்போது இணைப்புப் போகாது.

கப்பல் பயணம் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கரை மறைந்ததும் போன் பிடிப்பது கப்பலில் உள்ள செயற்கைக்கோள் இணைப்பை. அதன் கட்டணம் தனி, மிக அதிகம், சாதாரண பேக் அதற்குப் பொருந்தாது. ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள். கப்பல்கூட வேண்டாம், தனுஷ்கோடிக்குப் போனாலே சில சமயம் போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்து, வெளிநாட்டுக்கு நல்வரவு என்று செய்தி வரும்.

பிள்ளைகளோடு ஆறு மாதம் தங்கப் போகும் பெரியவர்களின் எண்ணை வீட்டில் யாராவது நினைவாக ரீசார்ஜ் செய்துவர வேண்டும். காலம் முடிந்தால் சில நாளில் குறுஞ்செய்தி வருவதும் நின்றுவிடும். பிரீபெய்டு எண் தொடர்ந்து 90 நாள் பயன்பாடு இல்லாமல், இருப்பும் 20 ரூபாய்க்குக் கீழ் போனால், அதைத் துண்டித்துப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கு, ஆதார், ஜி.எஸ்.டி. எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கின்றன.