பப்பாளி மாவுப்பூச்சியும் ஒட்டுண்ணிக் குளவியும்

பப்பாளி மாவுப்பூச்சி (பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ்) மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட, சாறு உறிஞ்சும் பூச்சியாகும். இந்தியாவில் இது முதன்முதலாக 2008 ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பெயரில் பப்பாளி இருந்தாலும் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, கத்தரி, கொய்யா ஆகியவற்றையும் பார்த்தீனியம் போன்ற களைகளையும் தாக்குகிறது. வேலியோரக் களைகளில் தங்கிப் பெருகுவதால் தோட்டத்தை மட்டும் சுத்தம் செய்து இதை ஒழிக்க இயலாது.

இலையின் அடியிலும் தண்டிலும் காயிலும் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் காணப்படும். இலைகள் சுருண்டு மஞ்சளாகி உதிரும். பூச்சி கழிக்கும் இனிப்பான கசிவின் மேல் கரும்பூசணம் படரும். அந்தக் கசிவுக்காக வரும் எறும்புகள் பூச்சிக்குக் காவலாகவும் அமைந்துவிடுகின்றன.

தொடக்கத்தில் விவசாயிகள் மருந்தடித்துப் பார்த்தனர். பூச்சியின் உடலை மூடியுள்ள மெழுகுப் பொடி மருந்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. முட்டைகளும் பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. மருந்துக்கு முதலில் மடிவது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளே. பட்டு வளர்ப்போரின் நிலை இன்னும் மோசம். மருந்து தெளித்த மல்பெரி இலையைப் போட்டால் பட்டுப்புழு இறந்துவிடும். தெளிக்காவிட்டால் புழுவுக்குப் போட இலையே இருக்காது.

தாயகத்தில் இந்தப் பூச்சி இவ்வளவு பெருகுவதில்லை. அங்கே அதன் இயற்கை எதிரிகள் உள்ளன. இங்கே பூச்சி மட்டும் வந்தது, எதிரி வரவில்லை. எனவே 2010 இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அவற்றுள் அசிரோபேகஸ் பப்பாயே மிகச் சிறப்பாக நிலைபெற்றது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இக்குளவி மனிதரைக் கொட்டாது. இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். பொரித்த புழு உள்ளிருந்தே பூச்சியைத் தின்று, கூடாகிப்போன உடலில் துளையிட்டுக் குளவியாக வெளியேறும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்கள் இதைப் பெருமளவில் வளர்த்து விவசாயிகளுக்கு வழங்கின. வளர்ப்புக்கு வேண்டிய மாவுப்பூச்சியை முளைவிட்ட உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள் என்பது சுவையான செய்தி. குளவி பரவிய சில மாதங்களிலேயே தாக்குதல் பெரிதும் தணிந்தது.

குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. பழுப்பாக உப்பி, துளையுடன் காணப்படும் மாவுப்பூச்சிகள் குளவி வேலை செய்வதன் அடையாளம். அத்தகைய கிளைகளை வெட்டி எரித்தால் குளவியும் சேர்ந்து அழியும். எறும்புகளைக் கட்டுப்படுத்துவதும் அவசியம்.

இதே வழி பின்னரும் பின்பற்றப்பட்டது. 2020 இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுச் சேலம், நாமக்கல் பகுதிகளுக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி வேறொரு இனம். அசிரோபேகஸ் அதற்கு உதவாது. அதற்கென அனகைரஸ் லோபெசி என்ற குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.