மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே
(சக்கரம் வரை – 6)

போன வாரம் கிளட்சோடு நிறுத்தியிருந்தோம். அதன் பின்னால் உட்கார்ந்திருப்பது கியர்பாக்ஸ். பழைய அமெரிக்க ‘மசில் கார்’ பிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் தப்பாமல் வந்துவிடும் சண்டை ஒன்று உண்டு. எம்-20 நல்லதா, எம்-21 நல்லதா?

இரண்டுமே இண்டியானா மாநிலத்து மன்சி நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் 1963 முதல் 1974 வரை செய்த நாலு கியர் பெட்டிகள். கார்வெட், கமாரோ, செவெல் என்று பல கார்களில் ஏறியவை. எம்-20 ‘அகல விகித’ வகை. 1966 முதல் அதன் விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00. எம்-21 ‘நெருக்க விகித’ வகை: 2.20, 1.64, 1.28, 1.00. 2.52 என்றால், இன்ஜின் இரண்டரைச் சுற்று சுற்றினால்தான் பெட்டியின் பின்தண்டு ஒரு சுற்று சுற்றும். எண் பெரிதாக ஆக இழுவை கூடும், வேகம் குறையும்.

நெருக்க விகிதம் ரேஸ்காரர்களின் சரக்கு என்று பெயர் வாங்கிவிட்டது. அதனால் பழைய கார் வாங்குகிறவர்கள் எம்-21 என்றதும் கூடுதலாகப் பணம் வைக்கிறார்கள். அதற்குமுன் ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போடலாம்.

இன்ஜினை நிமிடத்துக்கு 6,000 சுற்றுவரை முறுக்கி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றுகிறோம். எம்-20ல் அது ஏறக்குறைய 4,480க்கு இறங்கும். எம்-21ல்? அதே 4,480தான்! இரண்டிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது 4,660, 4,680. டயலில் முள் நிற்கும் இடத்தில்கூட வித்தியாசம் தெரியாது. மூன்றிலிருந்து நாலாவதுக்குப் போகும்போதுதான் பாதை பிரிகிறது: எம்-20 சுமார் 4,110க்கு விழுகிறது, எம்-21 சுமார் 4,690ல் நின்றுகொள்கிறது. அத்தனை புகழும் இந்த ஒரு மாற்றத்துக்குத்தான்.

அந்த மாற்றம் எந்த வேகத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். 26 அங்குல டயர், 3.55 ஆக்ஸில் விகிதம் உள்ள காரில் எம்-20 மூன்றாவது கியரில் 6,000 சுற்றைத் தொடும்போது வேகம் மணிக்கு 144 கிலோமீட்டர். அதுவரை இந்த நெருக்கத்தால் பயன் எதுவும் இல்லை. சாலையில் ஓட்டுகிறவர் அந்த இடத்துக்கு எத்தனை தடவை போவார்? போனாலும் போலீஸ்காரர் விடுவாரா?

கொடுக்கும் விலையோ தினசரி. முதல் கியர் விகிதத்தை ஆக்ஸில் விகிதத்தால் பெருக்கினால் கிளம்பும்போது கிடைக்கும் மொத்த இழுவை தெரியும். 3.55 ஆக்ஸிலோடு எம்-20 தருவது 8.9, எம்-21 தருவது 7.8. கனமான காரில் ஒவ்வொரு சிக்னலிலும் கிளட்சை வழுக்கவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதைச் சரிக்கட்ட 4.11 ஆக்ஸில் போட்டால் இழுவை 9.0 ஆகிவிடும், ஆனால் 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் 3,300 சுற்றில் கத்தும். 3.55ல் அது 2,850தான்.

இதே குடும்பத்து எம்-22 பற்றியும் கேட்பீர்கள். விகிதங்கள் எம்-21ன் விகிதங்களேதான். பற்களின் சாய்வைக் குறைத்துப் பக்கவாட்டு உந்தலைக் குறைத்திருக்கிறார்கள். பலம் கூடியது, சத்தமும் கூடியது. ‘ராக் க்ரஷர்’ என்ற பட்டப்பெயர் அந்தச் சத்தத்துக்குக் கிடைத்தது. இன்றைக்கு அந்த இரைச்சலைக் கேட்கவே பணம் கொடுக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். ரசனை அவரவர் பாடு.

எம்-21 அர்த்தமுள்ளதாகும் இடமும் உண்டு. 1967ல் வந்த கமாரோ இசட்/28ன் 302 கன அங்குல இன்ஜின் டிரான்ஸ்-ஆம் பந்தயத்தின் 5 லிட்டர் வரம்புக்காகவே உருவானது. உச்ச சுற்றில்தான் அதற்கு உயிர். நீண்ட நேர்ப்பாதையில் மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது 1,900 சுற்று விழுந்தால் அது தூங்கிவிடும். அங்கே எம்-21 நியாயம்.

சாலைக்கார் வைத்திருப்பவருக்கு என் ஓட்டு எம்-20க்கு. பழைமை கெடக்கூடாது என்ற பிடிவாதம் இல்லாதவர் ட்ரெமெக்கின் ஐந்து கியர் டிகேஓ-600 பக்கம் போகலாம். முதல் கியர் 2.87, மூன்றாவது எம்-21ல் உள்ள அதே 1.28, ஐந்தாவது 0.64. 3.55 ஆக்ஸிலோடு கிளம்பும் இழுவை 10ஐத் தாண்டும். 100 கிலோமீட்டரில் இன்ஜின் 1,830 சுற்றில் முனகும். முதல் இரண்டு மாற்றங்களில் சுற்று 4,000 அளவுக்கு விழும் என்பது குறைதான். கீழ்ச்சுற்றிலேயே இழுக்கும் பெரிய இன்ஜின் அதைப் பொருட்படுத்தாது, சின்ன இன்ஜின் முகம் சுளிக்கும்.

எந்தப் பெட்டியானாலும் பணம் கட்டுமுன் டயரை அளந்துவிடுங்கள். 26 அங்குலத்தை எடுத்துவிட்டு 28 மாட்டினால் உங்கள் 4.11 ஆக்ஸில் 3.82 போல நடந்துகொள்ளும். முதலில் டயர், அடுத்து ஆக்ஸில், அதன் பிறகுதான் பெட்டி. அந்த ஆக்ஸிலைத்தான் அடுத்த வாரம் பிரிக்கப் போகிறோம்.