பதம் பார்க்காத பானை

ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை வைத்திருக்கும் ஒரு பெரிய ஸ்தாபனத்தில், அவற்றைப் பராமரிக்கும் சிப்பந்திகள் ஒவ்வொரு யந்திரத்தின் முன்னும் போய் உட்கார்ந்து அதன் க்ஷேமலாபத்தை விசாரித்துக்கொண்டிருக்க முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆஸ்பத்திரியில் தாதியின் மேஜை மேல் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று, எக்ஸ்ரே அறையில் ஒன்று, நிலவறையில் எவர் கண்ணிலும் படாத சர்வர்கள் பல என்று பரவிக் கிடக்கும் இந்தக் கூட்டத்தை ஓரிடத்திலிருந்து கண்காணிக்கவும் ஆளவும் ஏற்பட்டதுதான் மைய நிர்வாக மென்பொருள்.

அதன் வேலைமுறை அப்படியொன்றும் மர்மமானதல்ல. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் 'ஏஜெண்ட்' என்ற சிறு நிரல் ஒன்று குடியிருந்துகொண்டு, வட்டில் இடம் எவ்வளவு மீதி, எந்தெந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது பேட்ச் போடப்பட்டது என்பன போன்ற சமாசாரங்களை மைய சர்வருக்கு அவ்வப்போது தெரிவித்து வரும். நெடுநேரம் தகவல் வராவிட்டால் ஐடி ஊழியரின் திரையில் அந்த யந்திரத்தின் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். தகவல் வருகிற அதே வழியாகத்தான் மையத்திலிருந்து உத்தரவும் போகிறது: இந்தப் பேட்சைப் போடு, அந்த மென்பொருளை நீக்கு, திருட்டுப்போன மடிக்கணினியைப் பூட்டு. கட்டளையை நிறைவேற்றும் பொருட்டு ஏஜெண்டுக்கு அந்த யந்திரத்தில் ஏறக்குறைய சர்வ அதிகாரமும் கொடுக்கப்பட்டிருக்கும். வைரஸ்களையும் ஊடுருவல்காரர்களையும் தடுக்கும் காவல் மென்பொருளாயின், அது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அடித்தளமான கெர்னல் வரை இறங்கி உட்கார்ந்திருப்பதும் உண்டு.

இத்தகைய அதிகாரம் தவறிழைத்தால், எல்லா யந்திரங்களிலும் ஏககாலத்தில் அல்லவா இழைக்கும்? ஆகையால் இத்தொழிலில் பழகியவர்கள் ஒரு புதிய அப்டேட்டை முதலில் தங்கள் துறைக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் மட்டும் போட்டுப் பார்த்து, இரண்டொரு நாள் பொறுத்து, பிறகு ஓர் இலாகாவுக்கு அனுப்பி, கடைசியில்தான் அனைத்துக்கும் திறந்துவிடுவார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் அனுதினமும் செய்து வருகிற பரீட்சைதான் இது. அதைச் செய்யாமல் விட்டதன் பலனை டொராண்டோ மாநகரம் 2024 ஜூலை 19 அன்று கண்டது. செய்தும் அதன் பொருளைத் தவறாக வாசித்ததன் பலனை அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே கண்டிருந்தது.

கிரௌட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் காவல் மென்பொருள் உலகெங்கும் பெரிய ஸ்தாபனங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று டொராண்டோ நேரப்படி நள்ளிரவு கடந்து 12:09-க்கு, விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கென்று அந்தக் கம்பெனி ஒரு சிறு கோப்பை அனுப்பியது. மென்பொருளின் உள்ளே 20 தகவல்கள்தாம் அளிக்கப்பட்டிருக்க, புதிய கோப்போ 21-ஆவது தகவலைச் சோதிக்கும்படி சொல்லிற்று. இல்லாத அந்த ஒன்றைத் தேடி நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதிக்குள் கை விட்டது. கெர்னலில் இப்படி நேர்ந்தால் விண்டோஸ் மேற்கொண்டு ஓட மறுத்து நீலத்திரை காட்டி நின்றுவிடும். மறுபடி துவக்கினாலும் அதே கோப்பு, அதே நீலத்திரை. 1:27-க்குக் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த 78 நிமிஷங்களுக்குள் உலகில் சுமார் 85 லட்சம் யந்திரங்கள் படுத்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது. இராத்திரியில் அணைத்து வைக்கப்பட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் தப்பின. அல்லும் பகலும் விழித்திருக்க வேண்டியவையே அகப்பட்டுக்கொண்டன. டொராண்டோவில் போர்ட்டர் விமான நிறுவனம் காலை விமானங்களை ரத்து செய்தது. டொராண்டோ ஜெனரல் உள்ளிட்ட ஆஸ்பத்திரிகளை நடத்தும் யுனிவர்சிட்டி ஹெல்த் நெட்வொர்க்கின் சில அமைப்புகளும் பாதிக்கப்பட்டன.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அதே மென்பொருளை வாங்கிய ஜாக்கிரதையான வாடிக்கையாளர் பலர், புதிய பதிப்பு வேண்டாம், ஒரு பதிப்பு பின்தங்கியே இருப்போம் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு மென்பொருளின் பதிப்புகளுக்குத்தான் செல்லுபடியாகும், இந்த வகைக் கோப்புகளுக்கு அல்ல என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது. கம்பெனியும் இவ்வகைக் கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் வழக்கம் வைத்திருக்கவில்லை. விபரீதம் நேர்ந்த பிறகே அம்முறையை மேற்கொண்டது.

பரிகாரத்தைக் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது. யந்திரமே எழுந்திருக்காதபோது ஏஜெண்டுக்கு உத்தரவு போவது எங்ஙனம்? ஆள் ஒருவர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நேரில் போய், சேஃப் மோடில் துவக்கி, 291 என்ற எண் தாங்கிய அந்தக் கோப்பைத் தேடி அழிக்க வேண்டும். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தாலோ, அதற்கு முன்பாக 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைப் பிழையின்றித் தட்ட வேண்டும். அந்த எண்களைச் சேமித்து வைத்திருந்த சர்வரே சில ஸ்தாபனங்களில் விழுந்து கிடந்தது என்றால், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பட்ட பாட்டை வர்ணிக்க வேண்டியதில்லை.

முந்தைய சம்பவம் 2022 ஜூலை 8 அன்று நிகழ்ந்தது. டொராண்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி தன் மைய வலையமைப்பை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்து வந்தது. ஆறாவது கட்டத்தில், விடியற்காலை 4:45 அளவில், ஒரு ரூட்டரிலிருந்து வடிகட்டி விதி ஒன்று நீக்கப்பட, கட்டுக்கடங்காத பாதைத் தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து மைய ரூட்டர்களை முடக்கிவிட்டன. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமும் இழந்தார்கள்; இண்டராக் பணப் பரிமாற்றம் நின்றது; 911 அவசர அழைப்புகூடப் பலருக்குக் கிட்டவில்லை. கம்பெனியின் பெயர் தாங்கிய ரோஜர்ஸ் சென்டர் அரங்கில் அன்று மாலை நடக்கவிருந்த 'வீக்கெண்ட்' என்ற பாடகரின் இசைநிகழ்ச்சிகூட ஒத்திவைக்கப்பட்டது. ஊரில் பிறந்து உலகப் புகழ் பெற்ற பாடகருக்கு வாய்த்த வரவேற்பு அது!

கனடாவின் ஒளிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையத்துக்காக ஸோனா என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்த அறிக்கையின் சுருக்கம் 2024 ஜூலைத் தொடக்கத்தில், அதாவது அந்த நீலத்திரை நாளுக்குச் சற்று முன்னர், வெளியாயிற்று. அதன்படி, ரோஜர்ஸின் இந்தப் புதுப்பிப்பு வேலை முதலில் பேராபத்து கொண்டதாக மதிப்பிடப்பட்டிருந்தது. முந்தைய கட்டங்கள் சேதமின்றி முடிந்துவிட்டபடியால், ஆறாம் கட்டத்தின் ஆபத்து 'குறைவு' என்று கணக்கு முறையாலேயே தாழ்த்தப்பட்டுவிட்டது. ஐந்து சோறு வெந்தது என்று பார்த்தவர்கள், ஆறாவது வேறு பானைச் சோறு என்பதைக் கவனிக்கவில்லை.

அதைவிட மோசமானது கண்காணிப்பின் கதி. ரூட்டர்களைத் தூரத்திலிருந்து பார்க்கவும் திருத்தவும் பயன்பட்ட நிர்வாக வலையமைப்பு, தான் பார்க்க வேண்டிய அதே மைய வலையமைப்பின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. கீழே இருப்பது விழுந்ததும் மேலே இருந்ததும் சேர்ந்து விழுந்தது. பொறியாளர்கள் நேரே இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ரூட்டர்கள் எழுதி வைத்திருந்த பிழைப் பதிவுகளைக் கண்டு காரணத்தை நிச்சயிக்க 14 மணி நேரம் ஆயிற்று. நிர்வாகத்துக்கென்று தனியே ஒரு பாதை வேண்டும் என்ற ஆரம்பப் பாடம், இத்தனை பெரிய கம்பெனியில் எப்படி ஏட்டோடு நின்றது என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பணியாளர்களும் ரோஜர்ஸ் தொலைபேசியையே நம்பியிருந்ததால் ஒருவரையொருவர் கூப்பிடவும் முடியாமல் தவித்தார்கள். பேசக்கூடிய நிலையில் இருந்தவர்களில் ஒரு சாரார், போட்டிக் கம்பெனிகளின் சிம் கார்டு பெற்றிருந்தவர்கள். பெல், டெலஸ், ரோஜர்ஸ் மூன்றும் ஆபத்துக் காலத்துக்காக ஒன்றுக்கொன்று சிம் கார்டு கொடுத்து வாங்கிக்கொள்வதென 2015-இல் செய்துகொண்ட உடன்பாட்டின் பயன் அது.