கேரவனில் முதல் இரவு... குளிருக்காக இதை மட்டும் செய்துவிடாதீர்கள்!

கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது அதையே வாடகைக்கு எடுத்து, பாட்டி முதல் பேத்தி வரை ஏறிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. நீலகிரிக்கு வருவோர் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். பலருக்கும் அது தெரியும். ராத்திரி குளிருக்கு என்ன செய்வது என்பதைத்தான் பெரும்பாலும் யோசிப்பதில்லை.

மஞ்சூர் பக்கம் இருக்கும் பிக்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தேயிலை. பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் மறைந்ததுமே நிலைமை மாறிவிடும். முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும் இரவில்தான் குளிர் அதிகம். கனமான குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். பள்ளத்தில் இருக்கும் தேயிலைச் செடிகள் கருகுவதும், மேட்டில் இருப்பவை தப்பிப்பதும் இதனால்தான். ஓடையோரமாக, பார்க்க அழகான இடத்தில் வண்டியை நிறுத்த ஆசை வரும். அங்கேதான் குளிர் உட்கார்ந்திருக்கும். உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, வீடுகளுக்குப் பக்கத்தில், சற்று மேடான இடத்தில் நிறுத்துவது நல்லது. காட்டுமாடும் கரடியும் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்துபோகும் ஊர் இது.

இனி முக்கியமான விஷயம். குளிர் தாங்காமல் நள்ளிரவில் ஒருவர் சொல்வார், "ஜெனரேட்டரைப் போட்டு ஹீட்டரை ஓட விடலாமா? இல்லேன்னா அந்த பார்பிக்யூ அடுப்பை உள்ளே வைப்போமா?"

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். அடிதடி இல்லை, தீ விபத்து இல்லை. ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போட்டிருந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்தபோது, ஜெனரேட்டரின் புகை தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது தெரிந்தது. இரண்டு மணி நேரத்தில் கார்பன் மோனாக்சைடின் அளவு 957 பி.பி.எம். ஆகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கொடைக்கானலில் கரி அடுப்பு இருந்த அறைக்குள் தூங்கிய திருச்சி இளைஞர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் என வண்டியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் அது ஜலதோஷம் அல்ல. உடனே எல்லோரையும் வெளியே இழுத்துவந்து 108-ஐ அழைக்க வேண்டும். தூங்குகிறவருக்கு இந்த அறிகுறிகள் எதுவும் தெரியாது என்பதுதான் பயங்கரம்.

அதனால் தூங்கும்போது இன்ஜின், ஜெனரேட்டர், அடுப்பு எதுவும் ஓடக் கூடாது. தங்கும் இடத்தில் கரன்ட் இணைப்பு கிடைத்தால் எலெக்ட்ரிக் ஹீட்டர் போடலாம், வயர் அந்த லோடைத் தாங்குமா என்று உரிமையாளரிடம் கேட்ட பிறகு. பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். வாடகைக்கு எடுக்கும்போதே ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிடுங்கள். சொல்லத் தயங்கினால் வேறு வண்டி பாருங்கள்.

அப்புறம் குளிருக்கு என்னதான் செய்வது? நம்மை நடுங்க வைப்பது பாதி நேரம் கீழிருந்து ஏறும் குளிர்தான். இரண்டு கம்பளிகளில் ஒன்றை மெத்தைக்கு மேல் விரித்து, ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம். வெந்நீர் பையைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் பாட்டிக்குத் தூக்கம் வந்துவிடும். பகலில் போட்ட, வியர்வை பட்ட சாக்ஸை மாற்றாமல் படுக்க வேண்டாம்; ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கண்ணாடிகளைத் தடிமனான துணியால் மறையுங்கள். ஆனால், ஒரு ஜன்னலை மட்டும் விரலளவு திறந்தே வையுங்கள். ஐந்து பேர் மூச்சுவிட்டால் விடிவதற்குள் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், கம்பளி நனையும்.

காலையில் கேஸ் அடுப்பு மந்தமாக எரிந்தால் பயப்பட வேண்டாம். கடுங்குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவது வழக்கம். அதற்காக சிலிண்டரைச் சூடுபடுத்தாதீர்கள். கதவைத் திறந்துவைத்து, வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து டீ போடலாம்.