ஒன் மார்க்கில் சிக்காத தண்ணீர்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் கடும் அழுத்தத்தில் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும். இந்த ஒரு செய்தியை மாணவரிடம் எப்படியெல்லாம் கேட்கலாம்?

‘நெய்வேலியில் கிடைக்கும் கனிமம் எது?’ என்று நான்கு விடை கொடுத்தால், டவுன்ஷிப் பிள்ளை யோசிக்காமலே குறித்துவிடும். ‘கூற்று: படுகைக்கு அடியிலுள்ள நீரை இறைக்கிறார்கள். காரணம்: அனல்மின் நிலையத்துக்குத் தண்ணீர் வேண்டும்.’ இப்படிக் கேட்டால் கொஞ்சம் தயங்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் இறைப்பதற்குக் காரணம் அழுத்தம். மின் நிலையம் அந்த நீரைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரை என்னாகும்? தொடர்ந்து இறைத்தால் சுற்றுப்புறக் கிணறுகள் என்னாகும்?’ என்பது நெடுவினா. இதற்கு எந்த நோட்ஸிலும் விடை இல்லை. பிள்ளைதான் யோசித்து எழுத வேண்டும்.

கொள்குறி வினாவைப் பழிப்பதற்கில்லை. பாடம் முழுவதையும் தொட்டுப் பார்க்க அதுவே வசதி. திருத்துபவரின் மனநிலை மதிப்பெண்ணை மாற்றாது. அதன் பலவீனம் குருட்டு அதிர்ஷ்டம். நீட் தேர்வில் 180 கேள்விகள். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு. எதையும் படிக்காமல் எல்லாவற்றையும் குறித்தாலும் சராசரியாக 45 மதிப்பெண் கிடைக்கும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வில், நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் கேள்விகளில் தவறுக்கு மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழிப்பதால் இந்தக் கணக்கு சைபருக்கு வந்துவிடும். அதோடு, எண்ணை நாமே உள்ளிட வேண்டிய கேள்விகளும், சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடிய கேள்விகளும் அங்கே உண்டு. அவற்றில் கழிவு கிடையாது. ஊகித்துத் தப்பிப்பதும் கடினம்.

நெய்வேலிக்கு கேட் அந்நியமில்லை. 2022-இல் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. கேட் மதிப்பெண்ணை வைத்துப் பயிற்சிப் பொறியாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது, 299 பணியிடங்களுக்கான தேர்வில் தமிழர் இல்லை என்று தமிழ்நாடே கொதித்தது. மாநில உரிமை பற்றிய விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பழகாத வினா வடிவத்தை முதல்முதலாகத் தேர்வறையில் சந்திக்கும் பிள்ளைக்குப் படித்த பாடமும் கைகொடுக்காது என்பது வேறு விஷயம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு அறிவியல் தாளுக்கு 75 மதிப்பெண். 1, 2, 4, 7 என நான்கு வகை வினாக்கள். வகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் புக் பேக் கேள்வியே திரும்ப வந்தால் நான்கும் மனப்பாடத்தைத்தான் அளக்கும். சி.பி.எஸ்.இ. 2024-25 முதல் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் பாதி மதிப்பெண்ணைத் திறன்சார் வினாக்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. சொந்தமாக யோசித்து அந்தக் கேள்விகளை எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும்; அதைத் தருவார் யார்?

ஆசிரியர்களே, அடுத்த வகுப்புத் தேர்வில் ஒரேயொரு கேள்வியைப் பாடப்புத்தகத்தில் தேடாமல் சுரங்கத்திலிருந்து எடுங்கள்.