கையளவு விமானங்கள் – 7: மிக் என்ன நிறம்?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தார்கள். 1963-ல் இந்தியாவின் முதல் மிக் படைப்பிரிவான 28-ஆம் ஸ்குவாட்ரன் அமைந்ததும் அதே ஊரில்தான். அந்த விடைகொடுப்பைத் தொலைக்காட்சியில் பார்த்த தலைமுறைக்கு மிக் என்றால் சாம்பல் நிறம். கடையில் அதே சாம்பலை வாங்கி 1971 போர்க்கால மிக் மாதிரிக்கு அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

தூங்காதவர் ஒருவரை எனக்குத் தெரியும். நெய்வேலியில் சுரங்க வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது நெல்லிக்குப்பத்தில் குடியிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயின்ட் வேலையைத் தொடமாட்டார். காற்றில் ஈரம் இருந்தால் லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த இரண்டு மாதமும் படம் தேடுவதும் படிப்பதும்தான். மேசையில் 72-ல் ஒரு பங்கு அளவில் ஒரு மிக்-21 எஃப்எல், ஒட்டி முடித்து, நிறமில்லாமல் நிற்கிறது.

“எந்த மிக் சார்?” என்று கேட்டேன்.

“டாக்கா கவர்னர் மாளிகையை அடிச்ச நாலுல ஒண்ணு தம்பி. தேதி இருக்கு, ஸ்குவாட்ரன் இருக்கு, ஓட்டினவங்க பேர் இருக்கு. பெயின்ட் மட்டும்தான் இல்ல.”

அந்தத் தேதி 1971 டிசம்பர் 14. மாளிகையில் கூட்டம் நடக்கப்போகிறது என்று தகவல் வந்ததும், விங் கமாண்டர் பிஷ்ணோய் தலைமையில் 28-ஆம் ஸ்குவாட்ரனின் நான்கு மிக்குகள் அஸ்ஸாமிலிருந்து கிளம்பின. இலக்கு கடைசி நேரத்தில் மாறியது. கையில் இருந்தது சுற்றுலாப் பயணிகளுக்கான டாக்கா வரைபடம். அதைப் பார்த்துத்தான் கட்டடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு விமானத்திலும் 32 ராக்கெட், ஆக 128. அதன்பின் கிழக்குப் பாகிஸ்தான் கவர்னர் மாலிக் ராஜினாமாக் கடிதம் எழுதினார். இவ்வளவு துல்லியமாகப் பதிவான ஒரு தாக்குதலில், விமானத்தின் முதுகில் என்ன பச்சை இருந்தது என்பது மட்டும் ஏன் இழுபறி?

பதில் 1965-ல் இருக்கிறது. அதுவரை நம் ஜெட்களில் பல வெறும் அலுமினியப் பளபளப்போடுதான் நின்றன. வானத்தில் அது பிரச்சினையில்லை. தரையில் நிற்கும்போது, மேலிருந்து வருகிற எதிரிக்கு அது வெயிலில் வைத்த எவர்சில்வர் தட்டு. அந்த ஆண்டு செப்டம்பர் 6 அன்று பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கியபோது நம் மிஸ்டேர் விமானங்களோடு, புத்தம்புதிய மிக்குகள் இரண்டும் நின்ற இடத்திலேயே எரிந்தன. அதற்குப் பிறகு பெயின்ட் அடிக்கும் அவசரம் வந்தது. எது கையில் கிடைத்ததோ அது, யார் கையில் பிரஷ் இருந்ததோ அவர் கைவண்ணம்.

1971-லும் மிக்குகளுக்கு இதே கதைதான். தொழிற்சாலையிலிருந்து வெள்ளியாக வந்த விமானத்துக்குப் படைத்தளத்தில் பச்சையும் பழுப்பும் ஏற்றினார்கள். ஒன்றில் பெரிய திட்டுகள், ஒன்றில் வரிவரியாகப் பட்டைகள். சில விமானங்கள் வெள்ளியாகவே போருக்குப் போயின. ஒரே ஸ்குவாட்ரனில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு விமானங்கள்கூட ஒன்றுபோல இருக்க வேண்டியதில்லை. ஆகவே “1971 மிக்கின் நிறம்” என்று ஒன்று கிடையாது. இந்த எண் கொண்ட மிக், இந்தத் தேதியில் இருந்த நிறம் என்றுதான் கேட்க முடியும்.

ஹண்டர் விமானத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. 1957-ல் பிரிட்டனிடம் 160 ஹண்டர்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அவை பிரிட்டிஷ் விமானப்படையின் பாணியிலேயே, மேலே கரும்பச்சையும் கடற்சாம்பலுமாக வந்தன. பிரிட்டிஷ் தர அட்டவணையில் அந்தப் பச்சைக்கு எண் 641, சாம்பலுக்கு 638. எண்ணைச் சொன்னால் பெயின்ட் கிடைக்கும். வரலாறு இவ்வளவு ஒத்தாசையாக இருப்பது அபூர்வம்.

படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். முதலில், படைப்பிரிவின் குழுப்படங்கள். விமானிகள் எல்லோரும் விமானத்தின் மூக்குக்கு முன்னால் தோள்மேல் கைபோட்டு நிற்பார்கள். நமக்கு வேண்டிய வரிசை எண்ணோ பின்னால், அவர்கள் தலைக்குப் பின்னால் எங்கேயோ மறைந்திருக்கும். படம் கறுப்பு வெள்ளை என்றால் அடுத்த சிக்கல். நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் காவியும் பச்சையும் பெரும்பாலும் ஒரே சாம்பலாகத்தான் விழும். சின்னத்தின் நிறம் நமக்குத் தெரியும் என்பதால் பிழைத்தோம். இறக்கையில் உள்ள திட்டு பழுப்பா பச்சையா என்று அதே படத்திடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

ஆனால் அந்தச் சாம்பலிலிருந்தும் கொஞ்சம் கறக்கலாம். நண்பர் செய்வது இதுதான்: அதே படத்தில் நிறம் தெரிந்த பொருளைத் தேடுவார். சின்னத்தின் பச்சை நடுவட்டம் ஓர் அளவுகோல், அதன் வெள்ளை வளையம் இன்னொன்று. பக்கத்தில் உள்ள திட்டு நடுவட்டத்தைவிட அடர்த்தியா, வெளிர்ப்பா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறித்துக்கொள்வார். நிறம் தெரியாது. ஆனால் எது முடியாது என்பது தெரிந்துவிடும்.

வண்ணப்படம் கிடைத்துவிட்டால் சிலர் துள்ளிக் குதிப்பார்கள். அங்கேதான் பள்ளம். அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். வீட்டில் 1970-களின் கடைசியில் எடுத்த கல்யாண ஆல்பம் இருந்தால் திறந்து பாருங்கள். மாப்பிள்ளை, பெண், மணவறை எல்லாம் செக்கச்செவேல் என்று இருக்கும். அதே வியாதி பிடித்த விமானப் படத்தில் நல்ல பச்சை பழுப்பாகிவிடும். அதை நம்பி அடித்த பழுப்பு மாதிரிகள் பல வீட்டு அலமாரிகளில் நிற்கின்றன. கோடாகுரோம் ஸ்லைடு என்றால் மட்டும் நம்பலாம். இருட்டில் வைத்திருந்தால் அதன் நிறம் அவ்வளவாகப் போகாது.

நேரில் போய்ப் பார்ப்பது இன்னும் மோசம். சாலை முனையிலும் பூங்காவிலும் தூண்மேல் ஏற்றி வைத்த விமானங்கள் வெயிலுக்கும் மழைக்கும் நடுவே எத்தனை முறை மறுபெயின்ட் கண்டனவோ, யாருக்கும் கணக்கில்லை. உருவத்தை அளக்கலாம், ரிவெட் வரிசையை எண்ணலாம். நிறத்துக்கு அவற்றைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், நல்ல சாட்சி சில நேரம் எதிரியிடம் இருக்கும். 1965 செப்டம்பர் 3 அன்று பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் நம் நாட் விமானம் ஒன்று தரையிறங்கிப் பிடிபட்டது. எண் ஐஇ 1083. இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வென்று திரும்பிய நாட் விமானத்தை யாரும் நின்று நிதானமாகப் படமெடுக்கவில்லை. பிடித்தவர்கள்தான் எடுப்பார்கள்.

எண்ணும் தேதியும் தேடுகிறவர்களுக்கு ஜகன் மோகனும் சமீர் சோப்ராவும் சேர்ந்து 1965 வான்போர் பற்றியும் வங்கதேச வான்போர் பற்றியும் எழுதிய புத்தகங்கள் பெரிய துணை. நண்பரின் பிரதிகளில் ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. சின்னத்துக்கும் தேதி பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். 1948 நவம்பரில் முதல் வாம்பயர் ஜெட்கள் வந்தபோது நம் சின்னத்தில் அசோகச் சக்கரம் இருந்தது. மூவண்ண வட்டம் 1950-ல்தான் வந்தது.

இப்போதைய விமானங்கள் இந்தத் தலைவலியைத் தருவதில்லை. 1971-ல் ஸ்ரீநகரில் நாட் ஓட்டிய 18-ஆம் ஸ்குவாட்ரன் இன்று தேஜஸ் வைத்திருக்கிறது. எல்லாம் சாம்பல். ஒன்றைப் பார்த்தால் மற்றதும் அதேதான்.

நண்பரின் மிக்குக்கு வருவோம். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. சோவியத்திடம் மிக் வாங்க ஒப்பந்தமானதும் அதே ஆண்டு. “ரெண்டும் ஒரே வீட்டுச் சம்பந்தம் தம்பி” என்பார். அந்தப் பாசத்தில்தான் இந்த விமானத்தை எடுத்தார் போலிருக்கிறது. முதுகுப்பக்கத்துக்கு ஒரு படம் அகப்பட்டிருக்கிறது. திட்டுகளின் ஓரம் பிரஷ்ஷில் இழுத்தது என்று தெளிவாகத் தெரிகிறது. அதனால் ஏர்பிரஷ்ஷை உள்ளே வைத்துவிட்டுக் கையாலேயே அடிக்கப்போகிறார். அசல் பச்சையில் சொட்டு வெள்ளை கலப்பார். சிறிய உருவத்தில் அசல் நிறம் கறுத்துத் தெரியும். அடிவயிற்றுக்குப் படமே இல்லை. வெள்ளியாக விட்டிருப்பார்களா, வெளிர்நீலம் ஏற்றியிருப்பார்களா? அவசரத்தில் அடித்தவர்கள் மேலிருந்து தெரியாத இடத்துக்குப் பெயின்டை வீணாக்கியிருக்கமாட்டார்கள் என்பது என் கட்சி. அவர் கட்சி வெளிர்நீலம். தை பிறந்து காற்று உலர்ந்ததும் அடிப்பார். மாதிரி அவருடையது, ஆகவே நீலம்தான்.

(அடுத்த வாரம்: அரிசியைவிடச் சின்ன எழுத்துகள் – விமானத்தில் ஒட்டும் டெக்கால்கள்)